பெல்ட் இயக்க வானொலிக் கார்: ஓசையைக் கொண்டு பழுதை அறிதல்

ஓடுகின்ற இயந்திரம் எதுவும் முற்றிலும் ஓசையின்றி ஓடுவதில்லை. நெல் அரைக்கும் ஆலையாயினும், கிணற்றடியில் நிற்கும் பம்புசெட்டாயினும், வீட்டில் உள்ள தையல் இயந்திரமாயினும், ஒவ்வொன்றுக்கும் தனக்கே உரிய ஓசை ஒன்று உண்டு. அதனோடு நாள்தோறும் பழகியவர் அவ்வோசை சற்று மாறியவுடனே ஏதோ பழுது நேர்ந்துள்ளது என்று உணர்ந்துகொள்கிறார். ஆனால், பழுது இருப்பதை உணர்வது வேறு. அது எந்த உறுப்பில் இருக்கிறது என்று அறிவது வேறு. முன்னதற்குப் பழக்கம் போதும். பின்னதற்கு முறை வேண்டும்.

அம்முறையைக் கற்கவும் கற்பிக்கவும் ஏற்ற சிறு கருவி ஒன்று இக்காலத்தில் எளிதாகக் கிடைக்கிறது. அது வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு கார். கம்பியில்லா முறையில் ஒரு பொருளை இயக்க முடியும் என்பதை நிக்கோலா டெஸ்லா 1898ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை ஓட்டிக் காட்டி மெய்ப்பித்தார். இன்று விளையாட்டாகவும் பந்தயமாகவும் வளர்ந்துள்ள சிறு கார்களில் மோட்டார், பற்சக்கரம், பேரிங், பெல்ட், டிஃபரன்ஷியல் ஆகிய உறுப்புகள் யாவும் பெரிய இயந்திரங்களில் உள்ளவாறே அமைந்துள்ளன. ஆகவே பெரிய இயந்திரத்தில் நேரும் பழுதுகளும் அவற்றின் ஓசைகளும் இச்சிறு வண்டியிலும் நேர்கின்றன. வண்டியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். சில திருகாணிகளைக் கழற்றினால் உள்ளுறுப்புகள் அனைத்தும் கண்ணுக்குப் புலப்படும்.

பல்லுள்ள பெல்ட்டின் இயல்பு

ஆலைகளிலும் கதிரடிக்கும் இயந்திரங்களிலும் காணப்படும் தட்டைப் பெல்ட்டும் வி வடிவப் பெல்ட்டும் உராய்வினால் இயங்குபவை. கப்பியின்மேல் பெல்ட் எவ்வளவு அழுந்துகிறதோ, அதற்கேற்பவே அது விசையைக் கடத்தும். இறுக்கம் குறைந்தால் பெல்ட் வழுக்கும். வழுக்கும்போது கீச்சென்று ஒலிக்கும். அதனை இறுக்கினால் ஒலி நிற்கும். வேலையும் ஒழுங்காக நடக்கும். எனவே, “ஓசை வந்தால் பெல்ட்டை இறுக்கு” என்பது களப்பணியாளர் பலருடைய கையில் ஊறிப்போன வழக்கமாகிவிட்டது.

பல்லுள்ள பெல்ட் இவ்வகையைச் சேர்ந்ததன்று. இது 1940ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் கில்மர் என்னும் நிறுவனத்தில் தையல் இயந்திரத்தின் பொருட்டு உருவாக்கப்பட்டது. 1962ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்ற காரின் எஞ்சினிலும் இடம்பெற்றது. இதன் உட்புறத்தில் சம இடைவெளியில் அமைந்துள்ள பற்கள் கப்பியின் பள்ளங்களில் பொருந்தி, அதனைப் பற்றி இழுக்கின்றன. விசையைக் கடத்துவது உராய்வன்று, பல்லின் பிடிப்பேயாகும். ஆதலால் இதற்குப் பேரளவு இறுக்கம் தேவையில்லை. பற்கள் பள்ளத்தை விட்டு எழாதபடி காக்கும் அளவு இறுக்கம் இருந்தாற் போதும். அதற்குமேல் இறுக்கும் ஒவ்வொரு சுற்றும் பேரிங்குகளின்மேல் ஏற்றப்படும் வீண் சுமையே.

நான்கு சக்கரங்களும் இயங்கும் பந்தயக் கார்களில் இவ்வகைப் பெல்ட் விரும்பிக் கையாளப்படுகிறது. எடை குறைவு, ஓட்டம் இலகு, ஓசை சிறிது என்பன அதன் நலன்கள். 1987ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ரோம்ஸி என்னும் ஊரில் நடைபெற்ற உலகப் போட்டியில், பத்தில் ஒரு பங்கு அளவுடைய நான்கு சக்கர இயக்க வண்டிகளின் பிரிவில், ஜப்பானைச் சேர்ந்த மசாமி ஹிரோசாக்கா வெற்றி பெற்றது பெல்ட்டினால் இயங்கிய வண்டியைக் கொண்டேயாகும்.

விசை செல்லும் வழி

பழுதைத் தேடுமுன் விசை எவ்வழியாகச் செல்கிறது என்பதை அறிதல் வேண்டும். மோட்டாரின் அச்சில் ஒரு சிறு பற்சக்கரம் உண்டு. அது பெரும் பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. பெரும் பற்சக்கரம் வண்டியின் நடுவே குறுக்காக உள்ள இடையச்சில் பொருத்தப்பட்டுள்ளது. அவ்விடையச்சிலுள்ள இரு சிறு கப்பிகளிலிருந்து ஒரு குட்டையான பெல்ட் பின்னச்சுக்கும், ஒரு நீண்ட பெல்ட் முன்னச்சுக்கும் செல்கின்றன. அச்சிலுள்ள பெரிய கப்பி டிஃபரன்ஷியலைச் சுழற்ற, அதன் இருபுறத்திலிருந்தும் மூட்டுத் தண்டுகள் வாயிலாக விசை சக்கரங்களை அடைகிறது.

கணக்கிடுவதற்கு எளிதாக ஒரு வண்டியின் அளவுகளைப் பின்வருமாறு கொள்ளலாம். மோட்டாரின் சிறு பற்சக்கரத்தில் 28 பற்கள். பெரும் பற்சக்கரத்தில் 84 பற்கள். இடையச்சுக் கப்பியில் 20 பற்கள். முன், பின் அச்சுக் கப்பிகளில் 40 பற்கள். பின் பெல்ட்டில் 60 பற்கள். முன் பெல்ட்டில் 160 பற்கள். பெல்ட்டின் பற்களிடையே இடைவெளி 3 மில்லிமீட்டர். சக்கரத்தின் விட்டம் 64 மில்லிமீட்டர். வண்டிக்கு வண்டி இவ்வெண்கள் மாறுபடும். ஆசிரியர் தம் கையிலுள்ள வண்டியின் பற்களை எண்ணி, அவ்வெண்களையே கையாளுதல் வேண்டும்.

குற்றம் ஏன் பெல்ட்டின்மேல் விழுகிறது?

மேற்கூறிய வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோமாயின், சக்கரம் விநாடிக்கு ஏறத்தாழ 50 முறை சுழலும். இடையச்சு 100 முறையும் மோட்டார் 300 முறையும் சுழலும். அஃதாவது மோட்டாரின் வேகம் நிமிடத்திற்கு 18,000 சுற்று. அவ்வேகத்தில் பெல்ட்டின் பற்கள் விநாடிக்கு 2,000 முறை கப்பியில் பொருந்துகின்றன. பற்சக்கரங்களின் பற்கள் 8,400 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன.

மனிதச் செவி எல்லா ஒலிகளையும் ஒரே அளவாக உணர்வதில்லை. விநாடிக்கு 2,000 முதல் 5,000 வரை அதிர்வுகளுடைய ஒலியே அதற்கு மிகத் தெளிவாகக் கேட்கும். பெல்ட்டின் ஒலி பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் விழுகிறது. ஆகவே பெல்ட் உள்ளவாறே இருப்பினும் அதன் ஓசையே முதலில் செவிக்குப் படுகிறது. அன்றியும், வண்டியின் அடித்தட்டு மெல்லிய பலகை போன்றது. தம்புராவின் தந்தி மெலிதாக அதிர, அதனைப் பெருக்கிக் காட்டுவது குடமே. அதுபோல ஒரு மூலையில் உள்ள பேரிங்கின் அதிர்வை அடித்தட்டு முழுவதும் வாங்கிப் பெருக்குகிறது. இதனால் ஓசை எங்கிருந்து வருகிறது என்று செவி காட்டும் இடம் பல வேளைகளில் தவறாகிவிடுகிறது.

இவ்விரண்டோடு தட்டைப் பெல்ட்டில் பழகிய கையும் சேர்ந்தால் முடிவு என்ன? பெல்ட் இறுக்கப்படுகிறது. வியப்பு என்னவெனில், ஓசை சிறிது காலம் நின்றும் விடுகிறது. தேய்ந்த பேரிங்கில் அச்சு ஆடுவதற்கு இடம் இருக்கும். அவ்வாட்டமே ஓசைக்குக் காரணம். இறுக்கிய பெல்ட் அச்சை ஒருபுறமாக இழுத்துப் பிடிப்பதால் ஆட்டம் அடங்கி, ஓசையும் மறைகிறது. நோய் தீரவில்லை, அதன் அடையாளம் மட்டும் மறைக்கப்பட்டது. தேய்ந்த பேரிங் முன்னினும் விரைவாகத் தேயும். மோட்டார் மிகுந்த மின்சாரத்தை ஈர்த்துச் சூடேறும். மின்கலம் விரைவில் தீரும். இறுதியில் சிறு விலையுள்ள ஒரு பேரிங்கை மாற்றித் தீர்த்திருக்க வேண்டிய பழுது, மோட்டாரையும் பெல்ட்டையும் சேர்த்து மாற்றும் செலவில் முடிகிறது. எனவே, காரணம் இன்னதென்று தெளியும்வரை பெல்ட்டின் இறுக்கத்தைத் தொடாதிருத்தல் முதல் விதியாகும்.

தொடங்குமுன் செய்யவேண்டுவன

கையால் சுழற்றிப் பார்க்கும் சோதனைகளின்போது மின்கலம் கழற்றப்பட்டிருத்தல் வேண்டும். மோட்டாரை இயக்கிக் கேட்கும்போது வண்டியின் சக்கரங்கள் தரையில் படாதவாறு ஒரு மரக்கட்டையின்மேல் அதனை உறுதியாக நிறுத்த வேண்டும். கட்டுப்படுத்தும் கருவியை முதலில் இயக்கி, பின்னரே வண்டியை இயக்க வேண்டும். நிறுத்தும்போது வண்டியை முதலில் நிறுத்த வேண்டும். தொங்கும் தலைமுடி, துண்டு, சட்டைக்கை ஆகியன பற்சக்கரத்தின் அருகே வரலாகாது. சுமையின்றிச் சுழலும் மோட்டார் மிகு வேகம் கொள்ளுமாதலால் அதனைச் சில விநாடிகளுக்கு மேல், அதிலும் முழு வேகத்தில், ஓட விடுதல் தகாது.

வண்டியின் மேல்கூட்டை முதலில் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். உராயும் மேல்கூடு, தளர்ந்த சக்கர மரை, பெல்ட்டின்மேல் தொங்கும் மின்கம்பி ஆகிய எளிய காரணங்களே ஓசைக்கு மூலமாக இருத்தல் கூடும். எளியதை விடுத்து அரியதைத் தேடிச் செல்வது வீண் உழைப்பு.

முதற்படி: பிரித்துக் கேட்டல்

மோட்டாரைப் பிடித்திருக்கும் இரு திருகாணிகளையும் தளர்த்தி, அதன் சிறு பற்சக்கரம் பெரும் பற்சக்கரத்தைத் தொடாதபடி விலக்க வேண்டும். இந்நிலையில் மோட்டாரை மெதுவாக இயக்கிக் கேட்க வேண்டும். குறைகூறப்பட்ட ஓசை இப்போதும் கேட்டால் பழுது மோட்டாரினுள்ளேயே இருக்கிறது. வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஓசை இல்லையெனில், இரு பெல்ட்டுகளையும் கழற்றிவிட்டு, பற்சக்கரங்களை மட்டும் இணைத்து இயக்க வேண்டும். அடுத்துப் பின் பெல்ட்டை மாட்டி இயக்க வேண்டும். இறுதியாக முன் பெல்ட்டை மாட்ட வேண்டும். எந்த உறுப்பைச் சேர்த்தபோது ஓசை தோன்றியதோ, அவ்வுறுப்பிலோ அதனால் சுமை ஏற்றப்பட்ட உறுப்பிலோதான் பழுது உள்ளது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இங்கு இன்றியமையாத நெறி. பெல்ட்டை மாட்டும்போதே பேரிங்குக்கு எண்ணெயும் இட்டுவிட்டால், ஓசை மாறியதற்குக் காரணம் எது என்று பின்னர் எவராலும் சொல்ல இயலாது.

1816ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லேனெக் என்னும் மருத்துவர் காகிதத்தைக் குழலாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டார். மருத்துவரின் நெஞ்சொலிக் கருவிக்கு அதுவே தொடக்கம். அம்முறையை இங்கும் கையாளலாம். விரற்கடைத் தடிமனுள்ள மரக்குச்சியின் ஒரு முனையைப் பேரிங் அமர்ந்துள்ள தாங்கியின்மேல் ஊன்றி, மறுமுனையைச் செவியின் முன்னுள்ள எலும்பில் வைத்துக் கேட்டால், அடித்தட்டு பெருக்கிய ஓசை விலகி, அவ்விடத்து ஓசை மட்டும் தனித்துக் கேட்கும். சுழலும் உறுப்பைக் குச்சி தொடலாகாது. மெதுவான ஓட்டத்திலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டாம் படி: எண்ணிப் பார்த்தல்

விநாடிக்கு நூற்றுக்கணக்கில் நிகழும் மோதல்களைச் செவி எண்ண முடியாது. ஆனால் வண்டியைக் கையால் மெல்லச் சுழற்றினால் எண்ணலாம். மோட்டாரைப் பற்சக்கரத்திலிருந்து விலக்கி வைத்தே முதலில் எண்ணுதல் நலம். ஏனெனில் மோட்டாரினுள் உள்ள காந்தத்தின் இழுப்பால் ஒவ்வொரு சுற்றிலும் பல தடங்கல்கள் உணரப்படும். இரு காந்தமுனைகளும் மூன்று சுருள்களும் உடைய எளிய மோட்டாரில் அவை ஒரு சுற்றுக்கு 6. இது பழுதன்று, மோட்டாரின் இயல்பே.

ஒரே அச்சிலுள்ள இரு சக்கரங்களையும் ஒரே திசையில் சேர்த்துச் சுழற்ற வேண்டும். ஒரு சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதை மட்டும் சுழற்றினால், டிஃபரன்ஷியலின் இயல்புப்படி கப்பி பாதிச் சுற்றே சுழலும்; கணக்குப் பிழைபடும். சக்கரத்தில் சுண்ணக்கட்டியால் ஓர் அடையாளம் இட்டு, ஒவ்வொரு சுற்றிலும் தட்டோ தடங்கலோ எத்தனை முறை நிகழ்கிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மேலே கொண்ட வண்டியில் கணக்கு இவ்வாறு அமையும்.

சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஒரு முறை: சக்கரம், அதன் அச்சு, டிஃபரன்ஷியல் அல்லது அச்சுக் கப்பி.

ஒரு சுற்றுக்கு இரு முறை: இடையச்சு, அதன் கப்பி அல்லது பெரும் பற்சக்கரம்.

ஒரு சுற்றுக்கு ஆறு முறை: மோட்டாரின் அச்சு அல்லது சிறு பற்சக்கரம். இதனை மோட்டாரை மீண்டும் இணைத்தே காண முடியும்.

மூன்று சுற்றுக்கு இரு முறை: பின் பெல்ட். ஒரு சுற்றில் 40 பற்கள் கடப்பதால், 60 பற்களுடைய பெல்ட் முழுவதும் ஒருமுறை வலம்வர ஒன்றரைச் சுற்று வேண்டும்.

நான்கு சுற்றுக்கு ஒரு முறை: முன் பெல்ட்.

ஒரு சுற்றுக்கு 40 முறை, சீராக: பெல்ட்டின் எல்லாப் பற்களும் கப்பியில் சரிவரப் பொருந்தவில்லை.

இப்பட்டியலில் ஒரு பொறி உள்ளது. சக்கரத்துக்கு விசையைக் கொண்டு செல்லும் மூட்டுத் தண்டு வளைந்த நிலையில் சுழலும்போது சீரான வேகத்தில் சுழல்வதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். மூட்டு 30 பாகை வளைந்திருப்பின் வேகம் ஏறத்தாழ 0.87 மடங்கிற்கும் 1.15 மடங்கிற்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். ஆகவே “சுற்றுக்கு இருமுறை” என்ற எண் இடையச்சையும் குறிக்கலாம். முன்சக்கர மூட்டையும் குறிக்கலாம். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி மீண்டும் எண்ணினால் ஐயம் தீரும். நேராக்கியவுடன் துடிப்பு மறைந்தால் மூட்டே காரணம். மறையாவிட்டால் இடையச்சே காரணம்.

ஓசைகளும் அவற்றின் காரணங்களும்

பற்சக்கர முனகல்: வேகம் ஏற ஏறச் சுருதியும் ஏறி, தொடர்ந்து ஒலிக்கும் முனகல் பெரும்பாலும் பற்சக்கரப் பொருத்தத்தில் பிறக்கிறது. இரு பற்சக்கரங்களும் மிக நெருங்கினால் முனகும். மிக விலகினால் கடகடவென ஒலித்து, பிளாஸ்டிக் பற்களை அரித்துவிடும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை இரண்டிற்கும் இடையில் செலுத்தி, மோட்டாரை அழுத்தித் திருகாணிகளை இறுக்கி, பின்னர்க் காகிதத்தைச் சுழற்றி வெளியேற்றினால் ஏற்ற இடைவெளி கிடைக்கும். பெரும் பற்சக்கரம் முழு வட்டமாக இராமற் போகலாமாதலால், அதன் சுற்றில் நான்கு இடங்களில் இடைவெளியைச் சோதிக்க வேண்டும். இரு பற்சக்கரங்களும் ஒரே பல்லளவுடையன என்பதையும் உறுதி செய்தல் வேண்டும். 48 என்ற அளவும் 64 என்ற அளவும், 0.6 மாடுல் என்ற அளவும் தம்முள் பொருந்தா. பொருந்தாதவற்றை எவ்வாறு அமைப்பினும் ஓசை தீராது.

பேரிங்கின் உறுமல்: மோட்டாருக்கு மின்சாரத்தை நிறுத்திய பின்னும், வண்டி தானே உருளும்போது ஓசை தொடருமாயின் அது சுமையைச் சார்ந்ததன்று, சுழற்சியைச் சார்ந்தது. பேரிங்கே அங்கு முதல் ஐயத்திற்குரியது. அதனைக் கழற்றி, உள்வளையத்தை விரல்நுனியால் மெல்லச் சுழற்றினால் மணல் நெறிபடுவது போன்ற உணர்ச்சி தோன்றும். தூய்மை செய்து, மெல்லிய எண்ணெய் ஒரு துளி இட்டுப் பார்க்கலாம். நெறிபடுதல் நீங்காவிடின் மாற்றுவதே தகும். பேரிங்குக்கு இடும் எண்ணெயோ, தூய்மை செய்யும் திரவமோ பெல்ட்டின்மேல் படலாகாது.

டக்கென்ற தட்டு: வேகத்தைத் திடீரெனக் கூட்டும்போதும் தடை போடும்போதும் மட்டும் கேட்கும் தட்டு, பெல்ட்டின் பல் பள்ளத்தைத் தாண்டிக் குதிப்பதால் உண்டாகலாம். பந்து டிஃபரன்ஷியல் உள்ள வண்டியில் டிஃபரன்ஷியல் வழுக்குவதும் இதே வேளையில் நிகழ்வதுண்டு. அதன் ஒலி தட்டாக இராமல், குரைப்பது போன்றோ கீச்சிடுவது போன்றோ இருக்கும். இரண்டையும் பிரித்தறியும் வழி எளிது. மோட்டாரை விலக்கி, பின்சக்கரங்கள் இரண்டையும் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் பெரும் பற்சக்கரத்தை விரலால் அழுத்தித் திருப்ப வேண்டும். தட்டித் தட்டித் திரும்பினால் பெல்ட் குதிக்கிறது. தட்டின்றி வழுவழுவெனத் திரும்பினால் டிஃபரன்ஷியல் வழுக்குகிறது. திரும்பாமலே நின்றால் அவ்விரண்டும் செவ்வையாக உள்ளன. முன்புறத்தைச் சோதிக்க முன்சக்கரங்களைப் பிடித்து இவ்வாறே செய்ய வேண்டும்.

சரசரப்பு: தொடர்ந்து சரசரவென ஒலித்தால் பெல்ட்டின் விளிம்பு எதனோடோ உராய்கிறது. உராயும் இடத்தில் கரிய தூள் படிந்திருக்கும். பெல்ட்டின் ஓரத்தில் நூல் பிரிந்து காணும். கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமையே இதற்குப் பெரும்பாலும் காரணம். மோதலில் அடித்தட்டு முறுக்கிக்கொண்டாலும் இவ்வாறு நேரும். வண்டியைச் சமதளக் கண்ணாடிமேல் வைத்துப் பார்த்தால் முறுக்கல் தெரிந்துவிடும்.

ஒழுங்கான இடைவெளியில் ஒற்றைத் தட்டு: முன்கூறிய எண்ணிக்கைப்படி இது பெல்ட்டைக் குறித்தால், பெல்ட்டை அங்குலம் அங்குலமாக ஒளியில் பார்க்க வேண்டும். அறுந்த பல், பற்களிடையே சிக்கிய சிறுகல், கல் துளைத்த ஓட்டை ஆகியவற்றுள் ஒன்று காணப்படும். சிறுகல்லை மென்மையான தூரிகையால் நீக்கலாம். பல் அறுந்த பெல்ட்டை மாற்றியே ஆக வேண்டும். புதிய பெல்ட்டைச் சேமித்து வைக்கும்போது மடித்து வைக்கலாகாது. உள்ளே உள்ள இழைகள் முறிந்துவிடும்.

பெல்ட்டின் இறுக்கத்தைச் சரிசெய்தல்

மேற்கூறிய சோதனைகளின் முடிவில் பெல்ட் குதிக்கிறது என்று தெளிந்த பின்னரே இறுக்கத்தைத் தொட வேண்டும். பல வண்டிகளில் அச்சின் பேரிங் மையம் விலகிய வளையம் ஒன்றில் அமர்ந்திருக்கும். அவ்வளையத்தை ஒரு வெட்டு நகர்த்தினால் அச்சு சிறிது விலகிப் பெல்ட் இறுகும். பெல்ட் குதிக்காமல் நிற்கும் மிகத் தளர்ந்த வெட்டு எதுவோ, அதுவே சரியான இடம். அவ்வெட்டை அறிவதற்கு, குதிக்கும் அளவுக்குத் தளர்த்திவிட்டு, ஒவ்வொரு வெட்டாக இறுக்கி, முன்கூறிய கைச்சோதனையைச் செய்து பார்த்தல் வேண்டும். இருபக்க வளையங்களையும் ஒரே அளவு நகர்த்தாவிட்டால் அச்சு கோணலாகி, பெல்ட் ஓரத்தில் உராயத் தொடங்கும். முடிவில், மோட்டாரை விலக்கிய நிலையில் பெரும் பற்சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினால் சக்கரங்கள் நான்கும் தடையின்றிச் சுழல வேண்டும்.

எல்லா ஓசையையும் பழுதென்று கொள்ளுதலும் பிழையாகும். பல் பள்ளத்தில் பொருந்தும்போது எழும் சிறு மோதலும், இடையில் அகப்பட்ட காற்று வெளியேறுவதும் மெல்லிய சீறலை உண்டாக்குவது இயல்பு. முன்சக்கரங்களை முழுதும் திருப்பும்போது மூட்டுகள் சிறிது படபடப்பதும் இயல்பே. வண்டி புதிதாக இருக்கும்போதே அதன் ஓசையைக் கேட்டுப் பழகியிருந்தால் இயல்பையும் பழுதையும் பிரித்தறிவது எளிதாகும்.

வகுப்பறையில்

இவ்வண்டி கணிதப் பாடத்திற்கும் துணையாகும். பின் பெல்ட்டில் ஒரு பல்லிலும், அது பொருந்தியுள்ள அச்சுக் கப்பியின் பள்ளத்திலும் சுண்ணக்கட்டியால் அடையாளம் இட்டு, அவை மீண்டும் எப்போது ஒன்றுசேரும் என்று மாணவரைக் கேட்கலாம். 60, 40 ஆகிய எண்களின் மீச்சிறு பொது மடங்கு 120. ஆகவே பெல்ட் இருமுறையும் கப்பி மும்முறையும் சுற்றிய பின்னரே அடையாளங்கள் சந்திக்கும். விடையை முதலில் தாளில் எழுதச் செய்து, பின்னர்ச் சுழற்றிக் காட்டினால் மாணவர் அதனை மறவார்.

பற்சக்கரங்களைக் கொண்டு இன்னொரு வினாவையும் எழுப்பலாம். 84 என்பது 28இன் மும்மடங்கு. எனவே சிறு பற்சக்கரத்தின் ஒரு பல் சிதைந்திருந்தால், அது பெரும் பற்சக்கரத்தின் அதே மூன்று பற்களையே திரும்பத் திரும்பத் தாக்கும். 28க்கு மாறாக 29 பற்களுடைய சக்கரத்தைப் பொருத்தினால் என்னாகும்? 29க்கும் 84க்கும் பொதுக் காரணி இல்லையாதலால், சிதைந்த பல் 84 பற்களையும் முறையே சந்திக்கும். தேய்வு ஓரிடத்தில் குவியாமல் எங்கும் பரவும். பொதுக் காரணி என்ற பாடம் இயந்திர அமைப்பாளருக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதை இதனால் விளக்கலாம்.

நீதி ஆயோக்கின் அடல் புத்தாக்க இயக்கம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர்களுக்கானவை. அவற்றில் இடம்பெறும் முப்பரிமாண அச்சுப்பொறிகளிலும் பல்லுள்ள பெல்ட்டுகள் உண்டு. அங்குப் பரவலாகக் காணப்படுவது 2 மில்லிமீட்டர் இடைவெளியுடைய பற்களைக் கொண்டது. அச்சுப்பொறி திடீரென ஓசையிடத் தொடங்கினாலும், அச்சிட்ட பொருளில் ஒழுங்கான இடைவெளியில் வரிகள் தோன்றினாலும், இதே முறையைக் கையாளலாம். பிரித்துக் கேட்க வேண்டும். வரிகளின் இடைவெளியை அளந்து, அது பெல்ட்டின் பல்லுக்குப் பொருந்துகிறதா, கப்பியின் ஒரு சுற்றுக்குப் பொருந்துகிறதா என்று கணக்கிட வேண்டும்.

சோதனை ஒவ்வொன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்குதல் நலம். நாள், வண்டி, கேட்ட ஓசை, எப்போது கேட்டது, சுற்றுக்கு எத்தனை முறை, செய்த மாற்றம், அதன் விளைவு ஆகிய ஏழு கட்டங்கள் போதும். விளைவு ஒன்றும் இல்லை என்றாலும் அதனையும் எழுத வேண்டும். பேரிங்கை மாற்றியும் ஓசை மாறவில்லை என்பது, பழுது அங்கில்லை என்று காட்டும் பயனுள்ள செய்தியாகும்.

களப்பணியாளருக்கும் இது பொருந்தும். பம்புசெட்டிலோ கதிரடிக்கும் இயந்திரத்திலோ ஓசை எழுந்தால், உரிமையாளர் அருகில் நின்று விரைவுபடுத்துவார். கையும் ஸ்பானரை நாடும். அப்போது இரண்டு வினாக்களுக்கு விடை கண்டாக வேண்டும். இப்பெல்ட் உராய்வினால் இயங்குவதா, பல்லினால் இயங்குவதா? இவ்வோசை எந்த அச்சின் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை எழுகிறது? இயந்திரத்தை நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்து, கப்பியில் ஓர் அடையாளம் இட்டுக் கையால் சுழற்றிப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். அந்நிமிடங்களைச் செலவிடாமல் இறுக்கப்பட்ட பெல்ட், அடுத்த பருவத்தில் வேலை மும்முரமாக இருக்கும் நாளில் பேரிங்கோடு சேர்ந்து நின்றுபோகும்.